அம்மா யாருடன் பேசினாள்?

திண்டுக்கல்லிலிருந்து ஒரு மகள்:

அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். "இனி வீட்டுலயே வச்சுப் பாத்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். கடைசி வாரத்தில் ஒருநாள் வாசற்கதவைப் பார்த்து, "வாங்கண்ணே, உக்காருங்க" என்றாள். என்னைக் கூப்பிட்டு, "மாமாவுக்குக் காப்பி போட்டுக் கொண்டா, பஸ்ஸுக்கு நேரமாச்சாம்" என்றாள். மாமா இறந்து பல வருடமாகிறது. பெரியம்மா நிலைப்படியில் வேப்பிலை செருகினார். சித்தப்பா கோடாங்கியைக் கூட்டிவரக் கிளம்பிவிட்டார். எனக்கு மறுத்துப் பேச மனம் வரவில்லை. காப்பி போட்டுக் கட்டில் பக்கத்து நாற்காலியில் வைத்தேன். நுரை அடங்கும்வரை அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலியில் சுருங்கியே கிடந்த நெற்றி அன்றைக்குத்தான் விரிந்தது. கருமாதி முடிந்த பிறகும் சொந்தக்காரர்கள் "காத்துக் கருப்பு அடிச்சுத்தான் போயிட்டா" என்கிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. உங்கள் வீடுகளில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

மதுரையிலிருந்து ஒரு செவிலியர்:

நடந்திருக்கிறது அக்கா, நிறைய வீடுகளில். நான் பேலியேட்டிவ் நர்ஸ், அதாவது தீராத நோயில் இருப்பவர்களின் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்கிறவள். வீடு வீடாகப் போய்ப் பார்ப்பவள். செத்துப்போன அம்மா வந்தாங்க, அண்ணன் கூப்பிடுறாரு, பெட்டி கட்டணும், ஊருக்குப் போகணும் என்று சொல்லாதவர்கள்தான் குறைவு. அமெரிக்காவில் பஃபலோ ஹாஸ்பிஸ் என்ற கடைசிக்காலப் பராமரிப்பு இல்லத்தில் டாக்டர் கிறிஸ்டோபர் கெர் குழுவினர் 59 பேரிடம் நாள்தோறும் கேட்டுப் பதிந்து, 2014-இல் ஆய்வாக வெளியிட்டார்கள். அதில் 88 சதவீதம் பேருக்கு ஒருமுறையாவது இப்படிப்பட்ட கனவோ காட்சியோ வந்திருக்கிறது. சாவு நெருங்க நெருங்க, இறந்துபோனவர்களே அதிகம் வந்தார்கள். அந்தக் காட்சிகள்தான் அவர்களுக்கு அதிக ஆறுதலும் கொடுத்தன. நீங்கள் காப்பி வைத்தீர்களே, அதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியாது.

ஆனால் எல்லாப் பிதற்றலையும் இதில் சேர்த்துவிடக் கூடாது. திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் போவது, போர்வையைப் பிடுங்குவது, பயந்து எழுந்து ஓடப் பார்ப்பது, பகலெல்லாம் தூங்கி ராத்திரி முழுக்கக் கத்துவது, இவையெல்லாம் டெலிரியம், அதாவது உடல்கோளாறால் திடீரென்று வரும் மனக்குழப்பம். சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், காய்ச்சல், மாத்திரை ஒத்துக்கொள்ளாதது என்று காரணம் இருக்கும். பல சமயம் சரிசெய்துவிடலாம். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடைசி நேரத்தில் தொண்டை கரகரக்கும். மூச்சு நின்று நின்று வரும். "தாகமா இருக்கும்" என்று சங்கில் பால் ஊற்றுவார்கள். விழுங்கத் தெம்பில்லாதவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். பால் கொடுத்த மனநிறைவும் வீட்டாருக்கு வேண்டும்தானே? பஞ்சைப் பாலில் தொட்டு, பிழிந்து, உதட்டை நனையுங்கள். பேரப்பிள்ளைகள்வரை எல்லோரும் ஒவ்வொருவராக வந்து நனைக்கலாம்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர்:

என் மனைவி காலமான பிறகு, கொல்லைப்புறத்திலிருந்து "மோட்டார நிறுத்துங்க, தண்ணி வழியுது" என்று அவள் குரல் கேட்கிறது. போய்ப் பார்ப்பேன். சில நாள் தொட்டி வழிந்துகொண்டிருக்கும், சில நாள் பாதிகூட நிரம்பியிருக்காது. மகன் பதறிப்போய் மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றான். அந்த அம்மாள், வேல்ஸில் டெவி ரீஸ் என்ற மருத்துவர் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரைச் சந்தித்து எழுதியதைச் சொன்னார். 1971-இல் வெளிவந்த அந்த ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தவரைப் பார்த்திருக்கிறார்கள், குரலைக் கேட்டிருக்கிறார்கள், அல்லது பக்கத்தில் இருப்பதாக உணர்ந்திருக்கிறார்கள். பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் வாய் திறக்கவே இல்லையாம். பிறகு, சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா, நாமும் போய்விடலாம் என்று தோன்றுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மருந்து எதுவும் எழுதவில்லை. அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைத்து அவளைக் கூப்பிடுகிற ஊரில், அவள் கூப்பிட்டால் மட்டும் ஏன் பயப்பட வேண்டும்?

கோவையிலிருந்து ஒருவர்:

ஐயா, உங்களுக்கு அது துணை. எனக்கு அப்படி இல்லை. தம்பி விபத்தில் போனான். பதினாறாம் நாள் முடிந்ததுமே "ஆம்பளை நீ, அப்பா அம்மாவைப் பாரு" என்றார்கள். ஹெல்மெட் போட்ட யாரைப் பார்த்தாலும் அவன் முகம். ஒரு வருடம் தாண்டியும் அவன் அறைக்குள் போக முடியவில்லை, வேலையும் ஓடவில்லை. இது நீடித்த துக்கம் என்ற தனி நோய்நிலை, உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையை முடக்கினால் கவனிக்கச் சொல்லியிருக்கிறது என்று ஆலோசகர் விளக்கினார். தூக்கி வைத்துவிடு, மறந்துவிடு என்று அவர் சொல்லவே இல்லை. விபத்து நடந்த அன்று காலையிலிருந்து நடந்ததை வாய்விட்டுச் சொல்ல வைத்தார், வாரா வாரம், திரும்பத் திரும்ப. முதல் தடவை பாதியில் எழுந்து வந்துவிட்டேன். இப்போது அவன் சட்டையை எடுத்து மடிக்க முடிகிறது.

இறந்தவர் வந்து போவது ஆறுதலாக இருந்தால் இருக்கட்டும். என்னை மாதிரி மூச்சு முட்டுகிறவர்கள் தயவுசெய்து காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.