புதுப்பிப்பு: கைப்பேசியில் காணாமல் போன மின்னஞ்சல்கள் (தீர்ந்தது)

அலுவலகக் கணினியில் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளைத் திறந்த சில நிமிடங்களில் கைப்பேசியின் உள்பெட்டி காலியாகிவிடுவது ஏன் என்று சென்ற வாரம் இந்த இழையில் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

கணினியில் இருப்பது பாப்3 (அஞ்சல் சேவையின் கணினியான சர்வரிலிருந்து அஞ்சல்களை இறக்கிக்கொள்ளும் முறை) கணக்காக இருக்கலாம், போர்ட் எண்ணை (எந்த முறையில் இணைகிறது என்று காட்டும் எண்) பாருங்கள் என்று எழுதியவரின் கணிப்பே சரி. அமைப்புகளில் பாப்3-க்கு உரிய 995 என்று இருந்தது. ஐமேப் (அஞ்சல்களைச் சர்வரிலேயே வைத்து எல்லாக் கருவிகளிலும் ஒரே நிலையில் காட்டும் முறை) என்றால் பெரும்பாலும் 993 இருந்திருக்கும். செய்திகளைச் சர்வரிலேயே விட்டுவைக்கும் தெரிவில் டிக் இல்லாததால், அஞ்சல்களை இறக்கிக்கொண்ட கணினி அவற்றை நீக்கும் ஆணையையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறது. அந்த ஆணை உடனே எதையும் அழிப்பதில்லை. கணினிக்கும் சர்வருக்கும் இடையிலான அமர்வு (ஒருமுறை இணைந்து பிரியும் வரையிலான தொடர்பு) முறையாக முடியும்போதுதான் சர்வர் அழிக்கிறது. நடுவில் இணையம் அறுந்த நாட்களில் மட்டும் அஞ்சல்கள் தப்பிப் பிழைத்த மர்மம் எனக்கு இப்போதுதான் விளங்கியது.

டிக் போட்டதும் புதிய அஞ்சல்கள் இரண்டு இடத்திலும் வந்தன. ஆயினும் கணினியில் படித்தது கைப்பேசியில் படிக்காததாகவே நின்றதால், இன்னொருவர் சொன்னபடி ஐமேப்புக்கே மாறிவிட்டேன். பழைய கணக்கின் வகையை மாற்ற வழியில்லை. புதிய கணக்கைச் சேர்த்து, கணினியில் தேங்கியிருந்த அஞ்சல்களை அதன் கோப்புறைகளுக்கு இழுத்துப் போட்டேன். அவை சர்வருக்கு ஏறி, மாலைக்குள் கைப்பேசியிலும் தெரிந்தன.

எதிர்பாராதது ஒன்று: அதுவரை எப்போதும் காலியாகவே இருந்த சர்வர் இடம் மளமளவென நிரம்பியது. நீக்கியவையும் குப்பைக் கோப்புறையில் இருந்துகொண்டு எனக்கு ஒதுக்கிய இட அளவில் கணக்காகின்றன. அதையும் காலி செய்த பிறகே இடம் திரும்பக் கிடைத்தது.