தாத்தாவின் வாடகை அம்பாசிடர் மார்க் 2-ஆ, மார்க் 4-ஆ? முன் இடப்பக்கம் தாழ்வதற்கும் வழி தேவை

கேள்வி – தேவிபட்டினம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கொட்டகையில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஓடாமல் நிற்கும் ஓர் அம்பாசிடர் காரைப் பற்றி உங்கள் உதவியை நாடுகிறேன். என் தாத்தா அதை ராமநாதபுரத்தில் வாடகைக் காராக ஓட்டியவர். பாம்பன் சாலைப் பாலம் 1988-இல் திறக்கப்படும் வரை ராமேசுவர யாத்திரிகர்களை மண்டபத்தில் ரயிலேற்றிவிட்டுத் திரும்புவதும், பாலம் வந்த பிறகு அவர்களை அக்னி தீர்த்தம் வரை கொண்டுபோய் விடுவதுமே அவருடைய பிழைப்பாக இருந்தது. அப்பத்தா இன்றும் அந்த வண்டியைப் ‘பிளசர்’ என்றுதான் சொல்கிறார்.

ஆர்.சி. புத்தகத்தில் முதற்பதிவு 1967 என்றும், எரிபொருள் பெட்ரோல் என்றும் உள்ளன. ஆனால் வண்டியில் இருப்பது டீசல் இன்ஜின்; முன் கிரில்லோ மார்க் 4 வண்டிகளில் காணப்படுவது. பார்க்க வந்த ஒருவர், இது 1980-க்குப் பிந்தைய வண்டி என்றும் புத்தகம் வேறு வண்டிக்கு உரியது என்றும் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து மனம் சரியில்லை. தாத்தா அப்படிச் செய்யக்கூடியவர் அல்லர்.

இன்னொரு குறையும் உண்டு. முன் இடப்பக்கம் ஏறத்தாழ இரண்டு அங்குலம் தாழ்ந்து நிற்கிறது. ஒரு மெக்கானிக் டார்ஷன் பாரை (ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கால் பாரம் தாங்கும் இரும்புக் கம்பி) முறுக்கி உயர்த்திக் கொடுத்தார். பத்தாம் நாள் மீண்டும் தாழ்ந்துவிட்டது. வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி – ராமநாதபுரம், பழைய கார்ப் பட்டறை நடத்துபவர்

தம்பி, முதலில் தாத்தாவைப் பற்றிய கவலையை விடுங்கள். வாடகையில் ஓடிய அம்பாசிடரின் வயதை அதன் முகத்தை வைத்துச் சொல்லவே முடியாது. அதற்குக் காரணம் இந்த வண்டியின் வரலாற்றிலேயே இருக்கிறது.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-இல் தொடங்கப்பட்டு, பின்னர் கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் தொழிற்சாலை அமைத்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு இரண்டாம் வரிசையை லேண்ட்மாஸ்டர் என்ற பெயரிலும், மூன்றாம் வரிசையை அம்பாசிடர் என்ற பெயரிலும் அந்நிறுவனம் செய்தது. தொடக்கத்தில் இருந்த 1476 சி.சி. பக்கவால்வு இன்ஜினுக்குப் பதிலாக 1959-இல் 1489 சி.சி. மேல்வால்வு பெட்ரோல் இன்ஜின் வந்தது. மார்க் 2 என்பது 1962 முதல் 1975 வரை. மார்க் 3 என்பது 1979 வரை. அதன் பிறகு மார்க் 4. இத்தனை பெயர் மாறியும் கூண்டு (பாடி) ஏறக்குறைய அதேதான். மாறியவை பெரும்பாலும் கிரில், விளக்கு, டேஷ்போர்டு, இருக்கை போன்றவைதாம். ஆகவே 1967-ஆம் ஆண்டு வண்டி மாட்டின் மீதோ லாரியின் மீதோ மோதி முகம் நசுங்கினால், அன்றைக்குக் கடையில் எந்த வரிசையின் கிரில் கிடைத்ததோ அதை வாங்கி மாட்டிவிடுவார்கள். உங்கள் வண்டிக்கும் அதுவே நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உறுதி செய்ய வேண்டியது சேசிஸ் எண் ஒன்றுதான். பானட்டுக்குள் இருக்கும் தகட்டை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடையுங்கள்; உப்புத்தாள் போட வேண்டாம், எழுத்து அழிந்துவிடும். மெல்லிய தாளை அதன் மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் படியும். அதைப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் உங்களுடையது மார்க் 2-தான். மாற்றுப் பேச்சுக்கே இடமில்லை.

மறுமொழி – மண்டபம், முன்னாள் வாடகைக் கார் ஓட்டுநர்

டீசல் இன்ஜினைப் பற்றி நான் சொல்கிறேன். அம்பாசிடரில் கம்பெனி டீசல் வந்தது 1980-இல். அதுவும் 1489 சி.சி.தான், 37 குதிரைத்திறன். நம் நாட்டின் முதல் டீசல் கார் அது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும் என்றாலும், பெட்ரோலை விட டீசல் மிகவும் மலிவாக இருந்த காலத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு அதுவே சோறு போட்டது. புதிய வண்டி வாங்க வசதியில்லாதவர்கள் பழைய பெட்ரோல் வண்டியிலேயே டீசல் இன்ஜினை இறக்கிக்கொண்டார்கள். சிலர் மெட்டடோர் வேனின் இன்ஜினைக்கூட ஏற்றினார்கள். அன்றைக்கு ஸ்டாண்டில் நின்ற பெட்ரோல் வண்டிகளில் இன்ஜின் மாற்றாதவை குறைவு.

உங்கள் தாத்தா மாற்றியிருந்தால், கழற்றிய இன்ஜினைக் காசாக்கினாரா, வைத்திருந்தாரா என்று வீட்டில் கேளுங்கள். பழைய இன்ஜினை எடைக்குப் போட மனம் வராமல் வைத்திருந்தவர்கள் எங்களில் பலர்.

கேள்வியாளர்

இருவருக்கும் மிக்க நன்றி. பென்சில் படி எடுத்தேன். சேசிஸ் எண் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது. அப்பத்தாவிடம் கேட்டபோது, கொட்டகையின் பின்மூலையில் பனையோலைக்கும் பழைய வலைக்கும் அடியில் ‘உங்க தாத்தா தொடவிடாத இரும்பு’ ஒன்று கிடப்பதாகச் சொன்னார். தூக்கிப் பார்த்தால் அது பெட்ரோல் இன்ஜின்! அதன் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதே. ஃபேனைப் பிடித்துச் சுழற்றிப் பார்க்கலாமா?

மறுமொழி – ராமநாதபுரம், பட்டறை

சுழற்றவே வேண்டாம். கடற்கரை வீட்டில் இத்தனை ஆண்டு கிடந்த இன்ஜினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். பலத்தைக் காட்டினால் ரிங் உடையும், சிலிண்டர் கீறும். நான்கு பிளக்குகளையும் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஒவ்வொரு துளையிலும் ஊற்றிக் குறைந்தது ஒரு வாரம் ஊற விடுங்கள். பிறகு பிளக் இல்லாமலேயே, கைப்பிடியைப் போட்டு முன்னும் பின்னுமாக இம்மி இம்மியாக அசைக்க வேண்டும். அசையாவிட்டால் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைத் திறப்பதே முறை.

இனி, தாழ்ந்து நிற்கும் இடப்பக்கம். எனக்குக் கவலை தருவது இன்ஜினை விட அதுதான். அம்பாசிடருக்கு லாரியைப் போலத் தனி இரும்புச் சட்டகம் கிடையாது, கூண்டே சட்டகம். முன் சக்கரத்தின் கீழ்க்கையிலிருந்து (லோயர் ஆர்ம்) புறப்படும் டார்ஷன் பார் பின்னோக்கி ஓடி, முன் இருக்கைக்குக் கீழே உள்ள குறுக்குத் தாங்கியில் பிணைந்திருக்கிறது. வண்டியின் முன்பாரம் அங்கேதான் இறங்குகிறது. அந்தத் தாங்கி உள்ளீடற்ற பெட்டி போன்றது; உப்புக் காற்றின் ஈரம் உள்ளே புகுந்தால் வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே தகடு அப்பளமாகியிருக்கும். அந்த நிலையில் பாரை முறுக்கினால், முறுக்கிய விசை அரித்த தகட்டை மேலும் கிழிக்குமே தவிர வண்டியை உயர்த்தாது. உங்களுக்குப் பத்து நாளில் மீண்டும் தாழ்ந்தது இதனால்தான் இருக்க வேண்டும்.

வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் புகாதீர்கள். மரக்கட்டைகளை அண்டை கொடுத்த பிறகு, அந்தத் தாங்கியைத் திருப்புளியின் முனையால் குத்திப் பாருங்கள். ‘டங்’ என்று ஒலித்தால் நல்லது. ‘பொத்’ என்று ஒலித்தாலோ முனை உள்ளே இறங்கினாலோ, மேலே பட்டி பூசி மறைக்காமல் வெட்டி எடுத்து மாற்ற வேண்டும். வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்புகளின் குறுக்கே இரும்புக் குழாயைப் பற்றவைத்துத் தாங்கு கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கூண்டு தொய்ந்து, கதவுகள் பிறகு ஒருநாளும் ஒழுங்காக மூடா.

மறுமொழி – பரமக்குடி

பதிவைப் பற்றி ஒரு குறிப்பு. மத்திய அரசு 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்த, சொந்த உபயோகத்துக்கான வண்டிகளே பழம்பெரும் வாகனங்களாகும். சேசிஸிலோ கூண்டிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. எனவே வாடகை வாகனப் பதிவு நீடித்தால் முதலில் அதைச் சொந்த வாகனமாக மாற்றுங்கள். பழைய பெட்ரோல் இன்ஜினை மீண்டும் ஏற்றிய பிறகே விண்ணப்பியுங்கள். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்; புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்கே ‘விஏ’ வரிசை எண். கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கும், எரிபொருள் நிரப்பவும் பழுது பார்க்கவும் மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயணத்துக்கு அனுமதியில்லை.

கேள்வியாளர்

அப்பா 1990-களிலேயே சொந்த வாகனமாக மாற்றிவிட்டார். புத்தகத்தில் அந்தப் பதிவு இருக்கிறது. இன்று காலை அடியில் படுத்துத் திருப்புளியால் குத்திப் பார்த்தேன். வலப்பக்கம் கெட்டியாக ஒலித்தது. இடப்பக்கத்தில் இரண்டாவது குத்திலேயே முனை உள்ளே போய், கைப்பிடி அளவு துருத்தூள் முகத்தில் கொட்டியது. பிளக் துளைகளில் எண்ணெய் ஊற்றிவிட்டேன். அடுத்த வாரம் ஆள் வைத்து வண்டியை உங்கள் பட்டறைக்கே ஏற்றி வருகிறேன், ஐயா. கதவுகளுக்குத் தாங்கு கொடுக்கும்போது உடனிருந்து பார்க்க அனுமதி வேண்டும்.