பென்னிகுவிக் என்ற பெயருக்கு என்ன பொருள்? மகனுக்குச் சொல்ல வேண்டும்

பாலக்கோடு தக்காளிக்காரர்:

எல்லோருக்கும் வணக்கம். வழக்கமாக இங்கே மண்டி விலையும் பூச்சி மருந்தும்தான் கேட்பேன். இன்று கேட்பது வேறு விஷயம். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

என் பெரிய பையன் பெயர் பென்னிகுவிக். ஏழாம் வகுப்பு படிக்கிறான். என் மனைவிக்குச் சொந்த ஊர் தேனி மாவட்டம், சின்னமனூர்ப் பக்கம். பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளைகிற வயல் என் மாமனாருடையது. அவர் வீட்டுச் சாமி அறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய, மீசை வைத்த ஜான் பென்னிகுவிக் துரை படமும் இருக்கும். இரண்டுக்கும் ஒரே ஊதுபத்திதான். பேரனுக்கு அந்தப் பெயர்தான் வைக்க வேண்டும் என்று அவர் கேட்டபோது என் அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. எங்கள் கிணறு வற்றிப் பதினைந்து வருஷம் ஆகிறது. நானூறு அடி, எழுநூறு அடி, ஆயிரத்து இருநூறு அடி என்று மூன்று போர் போட்ட குடும்பம் எங்களுடையது. "தண்ணி குடுத்தவன் பேரு, நல்ல பேருதான், வைங்க" என்றார் அப்பா.

இப்போது என்ன பிரச்சினை என்றால், போன வாரம் வகுப்பில் ஆங்கிலப் பாடம் நடத்தும்போது, "பென்னி என்றால் சல்லிக்காசு, குவிக் என்றால் சீக்கிரம்" என்று சொல்லியிருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னது இல்லை. ஆனால் அன்றிலிருந்து பையன்கள் இவனைச் "சல்லி, சல்லி" என்று கூப்பிடுகிறார்கள். இரண்டு நாளாகப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுதான். பேரை மாத்துப்பா என்கிறான்.

இன்னொன்றும் இருக்கிறது. கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு தம்பி, "அண்ணா, இது வெள்ளைக்காரங்க குடும்பப் பேரு. பையனுக்குப் பேரா வைக்கக் கூடாதே" என்றான். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து, பள்ளி ரெக்கார்டில் ஒரு எழுத்து என்று மூன்று விதமாக வேறு இருக்கிறது.

அந்தப் பெயருக்கு உண்மையில் என்ன பொருள்? எந்த ஊர்க்காரர்களுக்கு இருக்கும் பெயர் அது? நாங்கள் தப்புச் செய்துவிட்டோமா?

---

ஓசூர் இண்டிப்பேரு:

அண்ணா, முதலில் ஒன்று சொல்கிறேன். குடும்பப் பெயர் என்பது நமக்கு அந்நியமான சங்கதி இல்லை. உங்கள் பக்கம் இனிஷியலோடு முடிந்துவிடும். ஓசூர், தளிப் பக்கம் தெலுங்கு பேசுகிற எங்கள் வீடுகளில் இண்டிப்பேரு உண்டு. சம்பந்தம் பேச உட்கார்ந்தால் முதலில் கேட்பதே அதைத்தான். ஒரே இண்டிப்பேரு என்றால் பங்காளி முறை, பெண் எடுக்க மாட்டோம்.

எங்கள் இண்டிப்பேரு ஒரு ஊர்ப்பெயர். ஆந்திராவில் இருக்கிறது. என் தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலேயே அங்கிருந்து வந்துவிட்டோம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்த ஊரைத் தேடிப் போனேன். அங்கே டீக்கடையில் உட்கார்ந்து எங்கள் வீட்டுப் பெயரைச் சொன்னால் எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். அந்தப் பெயரில் அந்த ஊரில் ஒரு வீடுகூட இல்லை. யோசித்துப் பார்த்தால் அது சரிதானே? பென்னாகரத்தில் இருக்கிறவனை யாரும் பென்னாகரத்தான் என்று கூப்பிட மாட்டார்கள். அவன் தர்மபுரிக்கு வந்து கடை போட்ட பிறகுதான் அவன் பென்னாகரத்தான்.

வெள்ளைக்காரர்களிலும் பாதிப் பேருக்கு இந்தக் கதைதான் என்று படித்திருக்கிறேன். பென்னிகுவிக்கும் ஏதோ ஒரு ஊராகத்தான் இருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் இருக்கும் நம் காவேரிப்பட்டணத்து அக்கா இந்தப் பக்கம் வருவார்கள். அவர்களைக் கேளுங்கள்.

---

காரிமங்கலம் இ-சேவை:

பொருள் எனக்குத் தெரியாது சார். ஆனால் எழுத்து விஷயத்தைத் தள்ளிப் போடாதீர்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வருவதற்குள் மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். அதற்குப் பிறகு திருத்துவது பெரிய அலைச்சல். பிறப்புச் சான்றிதழில் என்ன இருக்கிறதோ அதற்கு மற்ற இரண்டையும் கொண்டுவருவதுதான் சுலபம். சான்றிதழே தப்பு என்றால் முதலில் அதைத் திருத்திக்கொண்டு பிறகு ஆதாருக்குப் போங்கள். ஒரே வார்த்தையாக "பென்னி" என்று கெஜட்டில் மாற்றிவிட்டால் பையனுக்கும் லேசாக இருக்கும் என்பது என் யோசனை.

---

காவேரிப்பட்டணம் செவிலி:

அண்ணா, பெயரை மாற்றாதீர்கள். நான் சொல்வதை முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் எடின்பரோவில் நர்ஸாக வேலை செய்கிறேன். ஓசூர்த் தம்பி சொன்னது ரொம்பச் சரி. அது ஒரு ஊர்தான். எடின்பரோவுக்குத் தெற்கே 16 கிலோமீட்டர். தர்மபுரியிலிருந்து பாலக்கோடு போகிற தூரம்கூட இல்லை. மிட்லோதியன் என்ற வட்டாரம், நார்த் எஸ்க் என்ற சின்ன ஆற்றின் கரை, பக்கத்தில் பென்ட்லாந்து குன்றுகள். ஊருக்குள் நுழையும்போதே பலகையில் பெயர் இருக்கும். இங்கே வந்த புதிதில் பஸ்ஸில் அந்தப் பலகையைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து சீட்டுப் பாட்டியிடம் "பென்னிகுவிக்" என்று காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. திரும்பச் சொன்னதும் சிரித்துக்கொண்டே, "பென்னிகுக், கண்ணு" என்று சொல்லிக் கொடுத்தார். எழுத்தில் யு, ஐ இரண்டும் சேர்ந்து வந்தாலும் வாயில் அது ஒரே உயிரொலி. நாம் எழுத்துக் கூட்டிப் படித்துக் "குவிக்" ஆக்கிக்கொண்டோம். ஆக, சீக்கிரம் என்ற சொல்லுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சல்லிக்காசுக்கும் இல்லை.

இப்போது பொருள். அந்தப் பெயர் ஆங்கிலமே இல்லை. ஆங்கிலம் அங்கே வருவதற்கு முன்னால் தெற்கு ஸ்காட்லாந்தில் கும்பிரிக் என்று ஒரு மொழி இருந்தது. இன்றைய வேல்ஸ் மொழிக்குக் கூடப் பிறந்தது. பேசுகிறவர்கள் இல்லாமல் போய் எண்ணூறு தொள்ளாயிரம் வருஷம் ஆகிறது. ஊர்ப்பெயர்களில்தான் அது மிச்சம் இருக்கிறது. அந்த மொழியில் "பென்" என்றால் தலை, உச்சி, குன்று. "கோக்" என்றால் குக்கூ என்று கூவுகிற பறவை. பென் - இ - கோக். குயில் குன்று!

நம் ஊர்க் கருங்குயில் வேறு, அந்தப் பறவை வேறு. ஆனால் ஒரே குடும்பம். நம் குயில் காக்கைக் கூட்டில் முட்டை இடுவது போல, அதுவும் சின்னக் குருவிகளின் கூட்டில் இடும். ஏப்ரல் மாதம் ஆப்பிரிக்காவிலிருந்து வரும். அதன் குரல் கேட்டால்தான் வசந்தம் வந்தது என்று இங்கே வயதானவர்கள் சொல்வார்கள். குயில்குன்று என்று ஒரு பையனுக்குப் பெயர் இருந்தால் நம் ஊரில் யாராவது சல்லி என்பார்களா?

அந்த ஊர் எப்படிக் குடும்பப் பெயர் ஆனது என்று கேட்டீர்கள். பழைய காலத்தில் அந்த நிலத்தை வைத்திருந்தவர்கள் "இன்ன ஊரார்" என்று தங்களை எழுதிக்கொண்டார்கள். ஸ்காட்லாந்தில் நிலம் வைத்திருந்த குடும்பங்கள் பலவற்றுக்கும் இப்படித்தான் பெயர் வந்தது. பிறகு நிலம் கை மாறியது. 1654-இல் ஜான் கிளார்க் என்ற வியாபாரி அந்த ஜமீனை வாங்கினார். பாரிஸில் வியாபாரம் செய்து சம்பாதித்தவர். அதன் பிறகு ஊர் கிளார்க் குடும்பத்துடையது. மின்காந்தத்துக்குச் சமன்பாடு எழுதிய ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் இந்தக் கிளார்க் வம்சம்தான். பெயருக்கு உரியவர்கள் வேறு ஊர்களுக்குப் பிழைக்கப் போனார்கள். ஓசூர்த் தம்பியின் டீக்கடைக் கதை இங்கேயும் அப்படியே நடந்திருக்கிறது.

பிரிந்து போன இடத்திலெல்லாம் எழுத்தும் மாறியது. சர்ச் பதிவேட்டில் எழுதுகிற பாதிரியார் காதில் விழுந்ததை எழுதுவார். சொல்கிறவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடைசியில் இரண்டு ஓ போட்டு ஒரு கிளை, சமையல்காரர் என்ற சொல் மாதிரியே இருக்கும். யு, ஐ, சி, கே போட்டு ஒரு கிளை, நம் அணை கட்டியவர் எழுதியது இது. ஆங்கில "என்" எழுத்தை இரட்டித்தும் இரட்டிக்காமலும் சில கிளைகள். தெற்கு ஸ்காட்லாந்தின் ட்வீட்டேல் பகுதியைப் பற்றி 1715-இல் எழுதிய மருத்துவர் அலெக்சாண்டர் பென்னிகுக் (1652–1722) இன்னொரு மாதிரி எழுதினார். இரண்டு ஓ போட்டவர்கள்தான் அதிகம். அணை கட்டியவர் எழுதிய எழுத்து அபூர்வம். உங்கள் பையனுக்கு மூன்று ஆவணத்தில் மூன்று எழுத்து என்று வருத்தப்பட்டீர்களே, அந்தப் பெயரின் தலையெழுத்தே அதுதான்.

எந்த ஊரில் இந்தப் பெயர் அதிகம் என்று பார்ப்பதற்கு இங்கே நல்ல வழி இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 1855-இலிருந்து பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் அரசாங்கமே பதிவு செய்கிறது. அதற்கு முன்னால் உள்ளவை சர்ச் பதிவேடுகள், மிகப் பழையது 1553-இல் தொடங்குகிறது. 1881 ஜனத்தொகைக் கணக்கு மொத்தத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். ரயில் வந்துவிட்டாலும் ஜனங்கள் ரொம்பச் சிதறாத காலம் அது. அதனால் குடும்பப் பெயர் வரைபடம் போடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வருஷத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள். தேடும்போது எழுத்து வேறுபாட்டையும் சேர்த்துத் தேட வேண்டும், இல்லாவிட்டால் பாதிக் குடும்பம் விட்டுப்போகும்.

நம் பென்னிகுவிக்கே பிறந்தது புனேயில், 1841-இல். அப்பா ராணுவ அதிகாரி. 1849-இல் பஞ்சாபில் சில்லியன்வாலா சண்டையில் அப்பாவும் அண்ணன் அலெக்சாண்டரும் ஒரே நாளில் இறந்தார்கள். நம்மவருக்கு அப்போது கிட்டத்தட்ட எட்டு வயசு. உங்கள் பையனைவிடச் சின்னவன். அப்புறம் படித்து, எஞ்சினியராகிச் சென்னை மாகாணத்துக்கு வந்து, அணை முடிந்தது 1895-இல். இறந்தது 1911-இல், இங்கிலாந்தின் தெற்கே கேம்பர்லியில். குயில் குன்றில் கிளம்பிய பெயர் போன தூரத்தைப் பாருங்கள்.

குடும்பப் பெயரைப் பிள்ளைக்கு வைக்கக் கூடாது என்று சொன்ன தம்பிக்கும் ஒரு வார்த்தை. டக்ளஸ், கோர்டன், கிரஹாம் எல்லாமே முதலில் ஊர் அல்லது ஆறு, அப்புறம் குடும்பப் பெயர், அப்புறம்தான் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர். டக்ளஸ் என்றால் கறுப்பு ஓடை. ஸ்காட்லாந்துக்காரர்களே செய்ததைத்தான் தேனிக்காரர்களும் செய்கிறார்கள்.

---

ராயக்கோட்டை வாத்தியார்:

அம்மா எழுதியதைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. நான் விலங்கியல் ஆசிரியர். பறவை எப்படிப் பறக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டிய பெரிய விஞ்ஞானி ஒருவர் பெயர் காலின் பென்னிகுக் (1933–2019). பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இருந்தார். இதே குடும்பப் பெயர், அணை கட்டியவர் எழுதிய அதே எழுத்து. சாய்க்கக்கூடிய ஒரு காற்றுக் குழாய் செய்து அதற்குள் புறாவைப் பறக்கவிட்டு அளந்தார். ஆப்பிரிக்காவில் செரங்கெட்டிச் சமவெளியில் மோட்டார் வைத்த கிளைடரில் ஏறி, பிணந்தின்னிக் கழுகுகளோடு கூடவே வட்டமடித்துப் பறந்து, அவை எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் என்று குறித்துக்கொண்டார். குயில் குன்று என்று பெயர் வைத்துக்கொண்டு ஒருவர் தண்ணீரைத் திருப்பினார், ஒருவர் பறவை பின்னாலேயே போனார்.

தக்காளிக்காரருக்கு ஒரு சொல். அபூர்வமான குடும்பப் பெயருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. மேலே ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் பெயர் வந்தது. 1791-இல் கிருஷ்ணகிரிக் கோட்டை மேல் ஏறப் பார்த்து முடியாமல் இறங்கியவரும் ஒரு மேக்ஸ்வெல்தான், கர்னல். பெயர் ஒன்று என்பதற்காக இரண்டு பேரையும் முடிச்சுப் போட முடியாது. அந்தப் பெயர் அத்தனை பேருக்கு இருக்கிறது. பென்னிகுக் அப்படி இல்லை. யார் எங்கே அந்தப் பெயரோடு இருந்தாலும், கையைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனால் அந்த ஒரே ஊருக்குத்தான் போய்ச் சேரலாம். பையனை ஒரு நாள் ராயக்கோட்டைக்கு அழைத்து வாருங்கள். கோட்டை மேலே ஏறலாம், பறவையும் பார்க்கலாம்.

---

பாலக்கோடு தக்காளிக்காரர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. காவேரிப்பட்டணத்து அம்மா எழுதியதை நேற்று ராத்திரி களத்தில் உட்கார்ந்து அவனுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். எட்டு வயசில் அப்பாவும் அண்ணனும் இறந்த இடம் வந்ததும், "அப்ப யாரு அவரப் படிக்க வச்சாங்க?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. குயில் குன்று என்றதும் போனை வாங்கி அந்த வரியை மட்டும் மறுபடியும் அவனே படித்தான்.

காலையில் பள்ளிக்கூடம் கிளம்பிப் போய்விட்டான். ரஃப் நோட்டு அட்டையில் பெயர் எழுதி, கீழே ஒரு மலை, மலை மேல் ஒரு பறவை. காக்கா மாதிரிதான் வந்திருக்கிறது.

காரிமங்கலம் தம்பி, நீங்கள் சொன்னபடியே பிறப்புச் சான்றிதழிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆனால் சுருக்கவில்லை. அணை கட்டியவர் எழுதிய அதே எழுத்து, முழுசாக. வாத்தியார் ஐயா, அடுத்த ஞாயிறு தக்காளி லோடு ஏற்றிவிட்டு மத்தியானம் வருகிறோம்.

மாமனாருக்கும் போன் போட்டு, பெயரை அப்படி இல்லை, பென்னிகுக் என்றுதான் சொல்ல வேண்டுமாம் என்றேன். "அது அவங்க ஊருல. நம்ம ஊருல பென்னிகுவிக்குதான்" என்று வைத்துவிட்டார். பையன் இரண்டையும் சொல்கிறான்.

அம்மா, அடுத்த தடவை அந்தப் பக்கம் போனால் ஊர்ப் பலகையை ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுவீர்களா? அவன் கேட்கச் சொன்னான்.