புதுப்பிப்பு: குடியிலிருந்து மீண்டவர் ஆலோசகர் ஆக முடியுமா?

குடியை விட்டவன் நான், போதை மீட்பு ஆலோசகராகப் படிக்கலாமா, நேர்காணலில் பழையதைச் சொல்ல வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. படிப்பு முடிந்து, இப்போது மேற்பார்வையாளரின் கீழ் வேலை பார்க்கிறேன்.

கைகொடுத்தது, "முதலில் சக ஆதரவாளராக, அதாவது மீள முயல்பவர்களுக்குத் துணை நிற்கும் மீண்டவராக, சேர்ந்து பாருங்கள்" என்ற யோசனைதான். அந்த வேலைக்கு மீண்ட அனுபவமே தகுதி என்பதால் மறைக்க எதுவும் இல்லை, அப்புறம் படிப்புக்கு விண்ணப்பித்தபோதும் அதுவே துணை நின்றது. மறுபடி குடிக்க ஆசை வந்தால் யாரிடம் போவீர்கள் என்று மட்டும் நேர்காணலில் கேட்டார்கள்.

எதிர்பாராதது ஒன்று. என் கதையைச் சொல்லாமல் இருப்பதுதான் ரொம்பக் கஷ்டம். "உங்களுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது" என்று சிகிச்சைக்கு வந்த ஒருவர் கேட்டபோது வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "புரியாதவர்களிடமே பேசிப் பேசி அலுத்துப்போயிருக்கிறீர்கள்" என்றேன், அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு தன் மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் முதலில் எழுதிய 'ஊக்கமூட்டும் நேர்காணல்' என்ற ஆலோசனை முறையில் (மாறுவதற்கான காரணத்தை வந்தவரே சொல்ல வைப்பது) இப்படிக் கேட்டதைத் திருப்பிச் சொல்வதுதான் அடிப்படை, படிப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்.

குடியிலிருந்து மீள ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்களுக்கு இப்போதும் உறுப்பினராகப் போகிறேன், ஆனால் என்னிடம் சிகிச்சைக்கு வருபவர்கள் இருக்கும் குழுவுக்கு அல்ல. சரி, இதே கேள்வியோடு தேடி வருபவர்கள் பணம் கட்டும் முன்பே, அந்தப் படிப்புக்கு உரிமம் கிடைக்குமா என்று உரிமம் தரும் அமைப்பிடமே கேட்டுவிடுங்கள்.