பொருள்: லேயருக்கு என்ன சொல்வது? வீட்டுப் பிளான் பாடத்துக்கு, கொஞ்சம் அவசரம்

அன்புள்ள குழுமத்தாருக்கு,

கட்டடவியல் பட்டயப் படிப்பு மாணவர்களுக்கு இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வீட்டுப் பிளான் வரையக் கற்றுத்தருகிறேன். வெறும் கோட்டுப் பிளான் அல்ல. கட்டில், அடுப்பு மேடை, முற்றத்துத் துளசிமாடம் எல்லாம் வண்ணத்தில் தெரியும் படம். படத்தின் பகுதிகளைத் தனித்தனியே வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறோம், அந்த ஒவ்வொன்றும் ஒரு லேயர்: சுவர் ஒரு லேயர், அறைகலன் ஒரு லேயர், அளவுகள் ஒரு லேயர். கையேட்டில் 'அடுக்கு' என்று எழுதியிருந்தேன். "இரண்டாம் அடுக்கில் நாலரை அங்குலச் சுவரை வரைக" என்றதும் பாதி வகுப்பு மாடி பிளானை வரைய ஆரம்பித்துவிட்டது. அடுக்குமாடி என்று கேட்டே வளர்ந்த பிள்ளைகள், அவர்கள் மேல் தப்பில்லை. வேறு சொல் வேண்டும். ஞாயிறு மாலை அச்சுக்குத் தரவேண்டும்.

– ஆசிரியை, திருச்சி

அம்மா, 'படலம்' எனலாமே? ஓசோன் படலம் எல்லோருக்கும் தெரியும். படி, படர், படலம் எல்லாம் ஒரே வேர் என்பது என் எண்ணம். ஒன்றின்மேல் ஒன்று படிவதுதானே லேயர்.

– சென்னை

இலங்கைப் பாடநூல்களில் அது ஓசோன் படை. படலத்தைவிடச் சின்னச் சொல், பொத்தானில் அடங்கும். 'படை' என்பதைப் பரிசீலியுங்கள்.

– யாழ்ப்பாணம்

ஐயா, இங்கே படை என்றால் சேனை, இல்லாவிட்டால் தோல்நோய். 'படையை மறை' என்று கட்டளை எழுத முடியாது. படலமும் வேண்டாம், அது காப்பியத்தின் உட்பிரிவு.

கணினி வருமுன் நாங்கள் டிரேசிங் தாளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வரைந்தோம். சுவருக்கு ஒரு தாள், மின்கம்பிக்கு ஒன்று, தண்ணீர்க் குழாய்க்கு ஒன்று. லேயர் என்பது அந்தத் தாள்தான். அதற்கு 'ஏடு' என்பேன். பாலேடு, பனையேடு, பூவிதழும் ஏடுதான். மெல்லியது, தனியே எடுக்கலாம். அடுக்கு என்பது தொகுப்பின் பெயர். 'பாம்பு பாம்பு' என்று சேர்ந்து வந்தால்தான் அடுக்குத்தொடர். ஒற்றைப் பாம்பு அடுக்காகாது.

– ஓய்வுபெற்ற வரைவாளர், மதுரை

நாலடுக்குக் கேரியரில் ரசம் எந்த அடுக்கில் என்று கேட்கிறோமே, ஐயா? பேச்சில் தனித் தட்டும் அடுக்குதான். தாள் உவமையும் முழுக்கப் பொருந்தாது. இங்க்ஸ்கேப் படத்தைச் சேமிக்கும் எஸ்விஜி கோப்பைத் திறந்து பார்த்தால் லேயர் என்று தனி உறுப்பே இல்லை. இங்க்ஸ்கேப் ஒரு குழுவை எழுதி, இது லேயர் என்று அதில் ஒரு குறிப்பைச் சேர்க்கிறது, அவ்வளவுதான். அப்புறம், மாணவர்கள் இணையத்தில் ஏடு என்று தேடினால் ஓலைச்சுவடிதான் வரும்.

– நிரலாளர், கோவை

லேயர் இருக்கட்டும், நேராக வரைய உதவும் கைடு கோட்டுக்கு என்ன எழுதினீர்கள்? 'வழிகாட்டி' என்றால் வருந்துவேன். கொத்தனார் நூல் பிடிக்கிறார், அதுதான் இது. மரத்தின் கோணலைத் தீர்க்கும் நூல்போல மனக்கோணலைத் தீர்ப்பது நூல் என்று நன்னூல் பாயிரமே தச்சனின் நூலைக் காட்டித்தான் விளக்குகிறது. நெடுநல்வாடையில் "நூலறி புலவர் நுண்ணிதிற் கயிறிட்டு" அரசனுக்கு மனை வகுக்கிறார்கள். அங்கே நூல் என்பது மனை கட்டும் முறையைச் சொல்லும் புத்தகம், சரி. ஆனால் கயிறு இருக்கிறதே! கட்டடத்துக்கு முதல் கோடு போட்டது கயிறுதான். அதை விட்டுவிட்டு 'வழிகாட்டி' என்று சுற்றுலாச் சொல்லைப் போடுவானேன்? பிளானுக்கே 'மனைவகுப்பு' எனலாம் என்று தோன்றுகிறது. தனி இழையில் எழுதுகிறேன்.

– தமிழாசிரியர், தஞ்சாவூர்

எல்லோருக்கும் நன்றி. பேச்சில் தனித் தட்டும் அடுக்குதான், நேரமும் இல்லை. அடுக்கே இருக்கட்டும். மாடி வரும் இடமெல்லாம் 'தளம்' என்று மாற்றிவிட்டேன். அடுக்குகளுக்கு எண் கிடையாது, பெயர்தான்: சுவரடுக்கு, அறைகலன் அடுக்கு, அளவடுக்கு. நேற்று இரண்டு மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தேன், யாரும் மாடி ஏறவில்லை. கைடு கோட்டை 'நூல்' என்றதும் ஒருவன் உடனே பிடித்துக்கொண்டான். அவன் அப்பா கொத்தனார். மனைவகுப்பு இந்தக் கையேட்டில் வேண்டாம், ஐயா. பிளான் பிளானாகவே இருக்கிறது.

– ஆசிரியை, திருச்சி

அச்சுக்குப் போகட்டும், அம்மா. ஆனால் ஒரு லேயரை மட்டும் உருவி வேறு கோப்பில் வைக்கும் பாடம் அடுத்து வருமே, அங்கே 'அடுக்கை உருவுக' என்று எழுதி, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எனக்கு அது ஏடுதான்.

– மதுரை