கோடையில் காளான் அறை: சூடும் காற்றும்

ஈரோடு பக்கத்திலிருந்து:

சிப்பிக் காளான் போடுகிறவர்கள் எல்லோரும் சித்திரை பிறந்ததும் அறையை எப்படிக் குளிர வைப்பது என்றுதான் கேட்கிறார்கள். அதே அளவு கவலை உள்ளே அடைந்து கிடக்கும் காற்றைப் பற்றியும் வேண்டும். அதனால்தான் என் அனுபவத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் விதை பரவும் அறை, அதாவது காளான் விதையிலிருந்து இழை வைக்கோலில் படரும் இடம். சுவரில் மாட்டிய வெப்பமானியை மட்டும் நம்பாதீர்கள். பூஞ்சை இழை வைக்கோலைத் தின்று வளரும்போது தானே சூட்டையும் உண்டாக்குகிறது. அறையில் 27 டிகிரி இருக்கும்போதே பெட்டின், அதாவது வைக்கோலும் விதையும் அடைத்த பையின், நடுவில் 30, 31 என்று ஏறிவிடும். ஊசிபோல நீண்ட வெப்பமானி ஒன்றை வாங்கி ஒரு பெட்டுக்குள் குத்திப் பார்ப்பது என் வழக்கம். உள்ளே 35-ஐ நெருங்கினால் இழை சோர்ந்துவிடும், பச்சைப் பூஞ்சை புகுந்துவிடும். பெட்டுகளை ஒன்றோடொன்று ஒட்ட அடுக்காமல் உறியில் தொங்கவிட்டு, நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டாலே பாதிச் சூடு தணிகிறது. சுற்றிலும் காற்று போக வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் காளான் வெடிக்கும் அறை, அதாவது இழை படர்ந்த பெட்டுகளிலிருந்து காளான் முளைத்து வரும் இடம். தரையில் மணல் பரப்பி நனைத்து வைத்திருக்கிறேன். மேற்குச் சுவரோரம் ஈரச் சாக்கு தொங்குகிறது, மதிய வெயில் அங்கேதான் இறங்குகிறது. எங்கள் ஊர்க் கோடைக்காற்று வறண்டது என்பதால் இது நன்றாக வேலை செய்கிறது. வெளியே 38 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால், தண்ணீர் ஆவியாவதை வைத்தே காற்றைச் சுமார் 23 டிகிரி வரை இறக்க இடம் உண்டு. நடைமுறையில் அந்த அளவு இறங்காது, ஆனாலும் 28-ல் நிறுத்த முடிகிறது. பகலில் ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து, சாக்கு வழியாகத்தான் காற்றை உள்ளே விடுகிறேன். ராத்திரி ஒன்பதுக்கு மேல் விடியும்வரை முழுக்கத் திறந்துவிடுவேன். ஜன்னலுக்குச் சன்னக் கண் வலை கட்டாயம். ஈ நுழைந்தால் கதை முடிந்தது.

கடலூரிலிருந்து:

அண்ணா, நீங்கள் சொன்ன சாக்கு முறை எங்கள் கடற்கரைப் பக்கம் கைகொடுக்கவில்லை. இங்கே 35 டிகிரியில் ஈரப்பதம் 70 சதவீதம் இருக்கும். எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் 30-க்குக் கீழே இறங்க வழியே இல்லை. அதற்கு மேல் தெளித்தால் காளான் குடையில் துளி நின்று, மஞ்சளாகி, வழுவழுவென்று அழுகுகிறது. அது பாக்டீரியா நோய்.

நாங்கள் சாயங்காலத் தெளிப்பை நிறுத்திவிட்டோம். காலையில் தெளித்து, குடையின் மேல் ஈரம் காயும்வரை மின்விசிறியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி மெதுவாக ஓட விடுகிறோம். நேராகக் காளான்மேல் வீசினால் ஓரம் காய்ந்து வெடிக்கிறது. ஷீட் கூரைக்கு மேலே தென்னங்கீற்று வேய்ந்ததில் மதியச் சூடு நன்றாகவே குறைந்தது. கத்திரி வெயிலுக்குச் சிப்பியை விட்டுவிட்டுப் பால் காளானுக்கு மாறிவிடுகிறோம். வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏபிகே 2 ரகத்துக்கு 30 முதல் 35 டிகிரிதான் பிடிக்கும். வெயிலோடு மல்லுக்கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

திருநெல்வேலியிலிருந்து:

மாடியில் கான்கிரீட் அறை வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரியிலும் கக்கிக்கொண்டே இருக்கும். வெளியே காற்று நன்றாகக் குளிரும்வரை, பதினொரு மணி ஆனாலும் பொறுத்திருந்துதான் எங்கள் அறையைத் திறக்கிறோம்.

இன்னொன்று. சூட்டுக்குப் பயந்து ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, காம்பு நீளமாகவும் குடை காசு அளவிலும் வருகிறது, விதை மோசம் என்று பலர் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்து அதற்குப் பெரும்பாலும் காரணம் கரியமில வாயுதான். காளானும் நம்மைப் போலவே மூச்சு விடுகிறது. வெளிக்காற்றில் அந்த வாயு பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கிறது. மொட்டு வந்த பிறகு அறைக்குள் ஆயிரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. அளக்கும் கருவி இல்லையென்றால் காம்பைப் பாருங்கள், அது சொல்லிவிடும்.

ஈரோடு பக்கத்திலிருந்து:

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. அதோடு, குடையின் ஓரம் மேலே சுருளும் முன்பே பறித்துவிட வேண்டும். தாமதித்தால் வித்துத்தூள் அறை முழுக்கப் பறக்கும், காற்றோட்டம் குறைந்த அறையில் இருமல் விடவே விடாது. எங்கள் வீட்டுப் பெண்கள் முகக்கவசம் இல்லாமல் பறிக்கப் போவதில்லை. கடலூர்த் தம்பி, அந்தக் கீற்றுக்கும் ஷீட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறீர்கள்?

கடலூரிலிருந்து:

ஒரு அடி, அண்ணா. மூங்கில் சட்டம் அடித்து அதன்மேல் வேய்ந்திருக்கிறோம். நடுவில் கடல்காற்று புகுந்து போகிறது.