ஓவர்ஹெட் வெல்டிங்: ஆம்பியரைக் குறைத்த பிறகும் உலோகம் தொங்குவது ஏன்?

கேள்வி | எழுதியவர்: பயிற்சி மாணவன்

மூத்தோர் அனைவருக்கும் வணக்கம். வெல்டர் பயிற்சியில் தட்டை, கிடைமட்டம், செங்குத்து ஆகிய மூன்று நிலைகளையும் முடித்துவிட்டு, மூன்று வாரங்களாகத் தலைக்கு மேலே வெல்டு போடும் ஓவர்ஹெட் நிலையில் ஃபில்லெட் (இரு தட்டுகள் சந்திக்கும் மூலையை நிரப்பும் வெல்டு) பழகி வருகிறேன். 10 மி.மீ. தடிமனுள்ள இரண்டு தட்டுகளை டீ வடிவில் டாக் அடித்து (சிறு வெல்டுகளால் தற்காலிகமாகப் பிணைத்து), தலைக்கு மேலே ஸ்டாண்டில் பூட்டிக்கொண்டு, 3.15 மி.மீ. இ7018 ராடை (மேல்பூச்சுள்ள வெல்டிங் கம்பி) பயன்படுத்துகிறேன். மின்சாரம் டிசி, ராடைப் பிடிக்கும் ஹோல்டர் பாசிட்டிவில் உள்ளது.

பீடின் (உருகி உறைந்த வெல்டு வரியின்) நடுப்பகுதி கீழ்நோக்கிப் புடைத்து வருகிறது. சில இடங்களில் உலோகம் சொட்டாகவே உறைந்து தொங்குகிறது. மேல்தட்டின் ஓரத்தில் அண்டர்கட் (பீடின் விளிம்பையொட்டித் தட்டில் விழும் பள்ளம்) நீளமாக விழுகிறது. அந்தப் பள்ளத்துக்குள் சிக்கிய கசடு (மேல்பூச்சு உருகி உறைந்த ஓடு), கூர்முனைச் சுத்தியலால் கொத்தினாலும் முழுமையாக வருவதில்லை. சூடு அதிகமாகிவிட்டதால்தான் உலோகம் வழிகிறது என்று எண்ணி 115 ஆம்பியரிலிருந்து 100-க்கும், அங்கிருந்து 85-க்கும் இறக்கினேன். இப்போது தொங்கலும் குறையவில்லை, ராடும் அடிக்கடி ஒட்டிக்கொள்கிறது.

ஆசிரியர் ஒவ்வொரு முறையும் ஆர்க்கை, அதாவது ராடு முனைக்கும் தட்டுக்கும் இடையே எரியும் மின்வில்லை, குறுக்கச் சொல்கிறார். நான் குறுக்கித்தான் பிடிப்பதாக நினைக்கிறேன். ஆனாலும் மணிக்கட்டிலோ கழுத்திலோ பொறி விழும்போது கை தானாகவே இறங்கிவிடுகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. ராடின் கடைசி மூன்றில் ஒரு பங்கு எரியும்போது தோள் நடுங்கத் தொடங்கிவிடுகிறது. இன்னும் ஒரு மாதத்தில் 4எஃப் (ஓவர்ஹெட் ஃபில்லெட்) தேர்வு இருக்கிறது. ராடை மாற்ற வேண்டுமா, சூட்டை மாற்ற வேண்டுமா, அல்லது என் கையில்தான் குறையா என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில் 1 | எழுதியவர்: குழாய் வெல்டர்

தம்பி, ராடை மாற்ற வேண்டாம். இ7018 என்னும் எண்ணில் கடைசிக்கு முந்தைய இலக்கமான 1, அந்த ராடை எல்லா நிலைகளிலும் பயன்படுத்தலாம் என்பதற்கான குறி. அதே இடத்தில் 2 உள்ள இ7024 போன்ற ராடு என்றால் தட்டை நிலைக்கும் கிடைமட்ட ஃபில்லெட்டுக்கும் மட்டுமே உரியது, தலைக்கு மேலே அது நிற்காது. உங்கள் கையில் இருப்பது சரியான ராடுதான். சூட்டைக் குறைத்ததுதான் உங்களைத் தவறான பக்கம் கொண்டுபோயிருக்கிறது. அது எப்படி என்று சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தலைக்கு மேலே உருகிய உலோகம் விழாமல் நிற்பதற்கு முதல் காரணம் பரப்பு இழுவிசை. உருகிய உலோகக் குளம் சிறியதாக இருக்கும்வரை அந்த இழுவிசை அதன் எடையைத் தாங்கும், குளம் அகன்று கனத்துவிட்டால் தாங்காது. ராடின் முனையில் உருகும் துளி மேல்நோக்கிப் போவதற்குக் காரணம் ஆர்க்கின் தள்ளுவிசையும், மின்னோட்டம் துளியின் கழுத்தை நெரித்துப் பிரித்துவிடுவதும். ஆர்க் குறுகியிருந்தால் துளி தன் முழு உருவத்தை அடைவதற்கு முன்பே குளத்தைத் தொட்டு, அதனுள் இழுக்கப்பட்டுவிடும். ஆர்க் நீண்டுவிட்டால் துளி பெருத்து, வழியிலேயே தடுமாறி, உங்கள் மணிக்கட்டின்மேல் விழும். நீங்கள் அஞ்சும் பொறிகளில் பெரும்பகுதி நீண்ட ஆர்க்கினால் உண்டானவையே.

இப்போது 85 ஆம்பியருக்கு வருவோம். சூடு போதாததால் ராடு ஒட்டுகிறது. ஒட்டுமோ என்ற பயத்தில் உங்களை அறியாமலே ராடை விலக்கிப் பிடிக்கிறீர்கள். ராடு வெல்டிங் எந்திரம் ஆம்பியரை ஏறத்தாழ நிலையாக வைத்திருக்கும்படி அமைந்தது, ஆகவே ஆர்க் நீளும்போது வோல்ட் ஏறுகிறது. ஆர்க்கின் வெப்பம் ஓரிடத்தில் குவியாமல் பரவுவதால் குளம் ஆழமில்லாமல் அகலமாகிறது. தட்டுகள் சந்திக்கும் வேர்மூலை உருகாமல் நிற்க, உலோகம் நடுவில் குவிந்து தொங்குகிறது. மேல்தட்டின் ஓரத்தை உருக்கிய ஆர்க் அந்தப் பள்ளத்தை நிரப்பாமலே நகர்ந்துவிடுவதால் அண்டர்கட் விழுகிறது. அங்கே கசடு ஒளிந்துகொள்வது அதன் விளைவு. சூட்டைக் குறைத்துத் தொங்கலை நிறுத்தப் பார்த்தீர்கள், குறைந்த சூடே ஆர்க்கை நீளச் செய்து தொங்கலை உண்டாக்கியது.

ராடுப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஆம்பியர் வரம்பைப் பாருங்கள். இந்த அளவு ராடுக்கு 85 என்பது பெரும்பாலும் அந்த வரம்புக்கே கீழே இருக்கும். நான் இதே ராடை ஓவர்ஹெட்டில் 110 முதல் 120 வரை வைக்கிறேன். எந்திரத்துக்கு எந்திரம் காட்டும் எண் சற்று மாறும் என்பதால், ராடைத் தட்டோடு உரசியவாறு இழுத்தாலும் ஒட்டாமல் எரியும் மிகக் குறைந்த அளவைத் தனித் தட்டில் கண்டுபிடித்து, அங்கிருந்து ஐந்து ஆம்பியர் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆர்க் குறுகியிருக்கிறதா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. பாதி எரிந்த ராடை நிறுத்தி அதன் முனையை உற்றுப் பாருங்கள். உள்ளே இருக்கும் கம்பி சற்று உள்வாங்கியும், மேல்பூச்சு அதைச் சுற்றி ஒரு சிறு கிண்ணம்போல் நீண்டும் இருக்கும். அந்தக் கிண்ணத்தின் விளிம்பு குளத்தின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் போகும் நிலைதான் உங்களுக்கு வேண்டிய ஆர்க். எரியும்போது கம்பிக்கும் குளத்துக்கும் இடையே வெளிச்சமான ஓர் இடைவெளி கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால், ஆசிரியர் சொல்வதே சரி.

சாய்வையும் கவனியுங்கள். தொங்கும் செங்குத்துத் தட்டிலிருந்து ராடு ஏறத்தாழ 30 பாகையில் இருந்தால், ஆர்க்கின் தள்ளுவிசை மேல்தட்டின் பக்கம் சற்றுக் கூடுதலாக விழும். அண்டர்கட் விழுவது அங்கேதான், எனவே உலோகமும் அங்கேதான் போய்ச் சேர வேண்டும். நகரும் திசையில் 5 முதல் 10 பாகை வரை இழுப்புச் சாய்வு (ராடின் முனை முடிந்த பீடைப் பார்க்கும்படி சாய்ப்பது) போதும். ராடை அகலமாக ஆட்ட வேண்டாம். நேர்கோட்டு பீடுகளை அடுக்கப் பழகுங்கள்.

பதில் 2 | எழுதியவர்: பட்டறை ஆசிரியை

மேலே சொல்லப்பட்ட அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் 120 ஆம்பியர் வரை போவது மாணவருக்குச் சற்று அதிகம் என்பது என் கருத்து. அந்தச் சூட்டில் குளம் விரைவாக வளரும். அதற்கு ஈடாக வேகத்தைக் கூட்டப் பழகாத கை நின்று தயங்கினால் மறுபடியும் தொங்கல்தான். 110-இல் தொடங்கி ஒரு வாரம் அதிலேயே இருக்கட்டும்.

என் கவனத்தை அதைவிட ஈர்த்தது, கடைசி மூன்றில் ஒரு பங்கில் தோள் நடுங்குகிறது என்று தம்பி எழுதியிருப்பது. உடல் நிலையாக இல்லாமல் ஆர்க் நிலையாக இருக்க முடியாது. ராடு எரிய எரிய ஹோல்டரைத் தொடர்ந்து மேலே உயர்த்திக்கொண்டே போக வேண்டும் என்பதால், தட்டை நிலையில் கையின் எடையே செய்து தரும் வேலையை இங்கே தோள் செய்ய வேண்டியிருக்கிறது. பல மாணவர்கள் பூட்டிய தட்டு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதற்கு ஏற்பத் தங்கள் உடலை வளைத்துக்கொள்கிறார்கள். ஸ்டாண்டைத்தான் இறக்க வேண்டும். தட்டு உங்கள் நெற்றிக்குச் சற்று மேலே, உடலுக்கு ஒரு முழம் முன்னால் இருக்கட்டும். குளத்துக்கு நேர் கீழே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். விழும் பொறி தரைக்குப் போகும், உங்கள் கழுத்துக்கு வராது. புகை மேல்தட்டில் மோதிப் பக்கவாட்டில் பரவும் என்பதால், உறிஞ்சியின் வாயையும் அதற்கேற்பத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோல்டரை இரு கைகளாலும் பிடியுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டியோ ஸ்டாண்டின் கம்பத்தில் சாய்த்தோ வையுங்கள். கேபிளின் எடையை மணிக்கட்டு சுமக்கக் கூடாது. அதை ஸ்டாண்டில் உள்ள ஒரு கொக்கியில் மாட்டி, தேவையான அளவு மட்டும் தொங்க விடுங்கள். கேபிளை உடலில் சுற்றிக்கொள்வது ஆபத்து. பிறகு மின்சாரம் இல்லாமலே, முழு ராடைப் பிடித்து பீடின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒருமுறை போய் வாருங்கள். முடிவுக்கு வரும்போது கை எட்டி இழுக்க வேண்டியிருந்தால், கால்களைத் தொடக்கத்திற்கு அல்ல, முடிவுக்கு ஏற்ற இடத்தில் ஊன்றுங்கள்.

பொறிக்குப் பயந்து கை இறங்குவதைக் குறையாக எண்ணாதீர்கள். அது உடலின் இயல்பு. மன உறுதியால் அதை வெல்ல முயல்வதைவிட உடையால் வெல்வது எளிது. தோல் மேற்சட்டை, கழுத்துவரை மூடிய பொத்தான், தலைக்கவசத்துக்குள் பருத்தித் தொப்பி, சட்டைக் கையின்மேல் ஏறி நிற்கும் நீளமான தோல் கையுறை, காலணிக்கு வெளியே விழும் கால்சட்டை ஆகியவை வேண்டும். செயற்கை இழைத் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் உள்ளாடைகூடப் பருத்தியாக இருக்கட்டும். காதை மறக்க வேண்டாம், காதுக்குள் போகும் பொறி செவிப்பறையையே சுட்டுவிடும். எளிதில் தீப்பற்றாத காதடைப்பான் அணியுங்கள். கசடு தட்டும்போதும் கவசத்துக்குள் பாதுகாப்புக் கண்ணாடி இருக்க வேண்டும். தட்டை நிலையில் கசடு பக்கவாட்டில் தெறிக்கும், இங்கே நிமிர்ந்து பார்க்கும் கண்ணுக்கு நேராக விழும்.

பதில் 3 | எழுதியவர்: பயிற்சி மாணவன்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஸ்டாண்டை ஏறத்தாழ ஒரு சாண் இறக்கி, கேபிளைக் கொக்கியில் மாட்டி, 110 ஆம்பியரில் ஒரு வாரம் பழகினேன். சொட்டுத் தொங்குவது ஏறக்குறைய நின்றுவிட்டது. ராடின் முனையில் கிண்ணம் இருப்பதை முதன்முறையாகக் கவனித்தேன். அதன் விளிம்பு தட்டை உரசும் உணர்வு கைக்குக் கிடைத்தபின், பொறியும் பாதியாகக் குறைந்தது போல் தெரிகிறது. கசடு ஒரே பட்டையாகக் கழன்று வருகிறது.

ஒரு பக்கம் மட்டும் முதல் பாஸ் (மூலை நெடுக ஒருமுறை ஓட்டும் பீடு) போட்ட டீயை அழுத்தியில் வைத்து உடைத்துப் பார்த்தோம். வேர்மூலை பெரும்பாலும் சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது, ஆனால் ராடு மாற்றிய இரண்டு இடங்களிலும் கருப்பாகக் கசடும் சில ஊசித்துளைகளும் இருந்தன. மறுதொடக்கத்தை எப்படிச் செய்வது? இரண்டாம், மூன்றாம் பாஸ்களை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்?

பதில் 4 | எழுதியவர்: குழாய் வெல்டர்

உடைத்துப் பார்த்தது மிக நல்ல காரியம். மேலிருந்து பார்த்தால் அழகாகத் தெரியும் பீடு உள்ளே என்ன வைத்திருக்கிறது என்பதை அது காட்டிவிடும்.

மறுதொடக்கத்தில் இரண்டு தனித்தனிக் குறைகள் இருக்கின்றன. கசடு சிக்கியதற்குக் காரணம், முன் பீடின் முடிவிலுள்ள பள்ளத்தை முழுமையாகச் சுத்தம் செய்யாமல் அதன்மேல் தொடங்கியது. அதைக் கொத்தி, வயர் பிரஷ் போட்டு, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகே அடுத்த ராடை எடுங்கள். தேர்வு விதி அனுமதித்தால் கிரைண்டரால் அந்த முனையைச் சரிவாகத் தேய்த்துக்கொள்ளலாம். ஊசித்துளைகளுக்குக் காரணம் வேறு. இ7018 ராடு ஆர்க் பிடித்த முதல் கணத்தில் மேல்பூச்சின் காப்புவாயு போதிய அளவு உண்டாவதில்லை. ஆகவே பள்ளத்தின்மேலேயே ஆர்க் பிடிக்காதீர்கள். பீடு போகவிருக்கும் பாதையில், பள்ளத்துக்கு 10 முதல் 12 மி.மீ. முன்னால் பிடித்து, நீட்டாமல் விரைவாகப் பள்ளத்துக்குத் திரும்பி, அதன் பின்விளிம்பு உருகிக் குளம் பழைய பீடின் அகலத்துக்கு நிறைந்ததும் முன்னே நகருங்கள். ஆர்க் பிடித்த இடம் உங்கள் பீடுக்கு அடியிலேயே மறுபடி உருகி, துளையும் மறைந்துவிடும். பாதி எரிந்த ராடை மீண்டும் பயன்படுத்துவதானால், அதன் முனையில் கண்ணாடிபோல் உறைந்திருக்கும் கசடை மெதுவாகத் தேய்த்து நீக்குங்கள். ஓங்கித் தட்டினால் மேல்பூச்சு பக்கவாட்டில் உடைந்து, ஆர்க் ஒரு பக்கமாக இழுக்கும்.

ராடுகள் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் பாருங்கள். ஈரம் ஏறிய இ7018 ஊசித்துளையையும், தடித்த உருக்கில் பின்னாளில் விரிசலையும் தரும். திறந்த பெட்டியை மேசைமேல் விட்டுவைக்காமல், 120 முதல் 150 பாகை செல்சியஸ் வரை சூடுள்ள அடுப்பிலிருந்து அவ்வப்போது சிலவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பாஸ்களுக்கு நான் கடைப்பிடிக்கும் வரிசை இது. முதல் பாஸ் மூலையில் அமர்ந்த பிறகு, இரண்டாவதை அதன் கீழ் ஓரத்தில், செங்குத்துத் தட்டின் பக்கம் போடுகிறேன். அது முதல் பீடில் பாதிக்கு மேல் மூட வேண்டும். மூன்றாவதை மேல்தட்டின் பக்கம் போடும்போது இரண்டாவது பீடு அதற்கு ஒரு திண்ணைபோல் கீழிருந்து தாங்கும். வரிசையை மாற்றி மேல்தட்டுப் பக்கத்தை முதலில் போட்டால், உலோகம் சாய்ந்து அமர இடமில்லாமல் வழியும். மூன்றாவதில் மேல் ஓரத்தை ஒரு நொடி கூடுதலாகப் பாருங்கள். ஆர்க் உருக்கிய விளிம்பு நிறைந்துவிட்டதைக் கண்ட பிறகே கை நகர வேண்டும். நீங்கள் முதலில் எழுதிய அண்டர்கட் திரும்பி வருவதானால் அந்த ஓரத்தில்தான் வரும்.